ட்ராட்மன்: கழுத்தை விடுங்க, கையைப் பாருங்க

[திரையில்: வெம்பிளி, 5 மே 1956. கழுத்தைப் பிடித்தபடி நிற்கும் கோல்கீப்பர்]

மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் ட்ராட்மன்னு சொன்னா எல்லாருக்கும் இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும். இங்கிலாந்து கால்பந்து கிளப்புகளோட எஃப்.ஏ. கோப்பை ஃபைனல், லண்டன் வெம்பிளி மைதானத்துல. முடிய இன்னும் 17 நிமிஷம். எதிரணி பர்மிங்ஹாம் சிட்டியோட பீட்டர் மர்ஃபி காலடியில ட்ராட்மன் பாய்ஞ்சப்போ, மர்ஃபியோட முழங்கால் அவர் கழுத்துல இடிச்சது. அப்போ சப்ஸ்டிட்யூட் கிடையாது. வெளியே போனா பத்துப் பேர்தான். நின்னார். மான்செஸ்டர் சிட்டி 3-1. நாலு நாள் கழிச்சு எக்ஸ்ரேல பார்த்தா, அஞ்சு கழுத்தெலும்பு விலகியிருக்கு, ரெண்டாவது பிளந்திருக்கு. மூணாவது அதுல ஆப்பு மாதிரி சிக்கிக்கிட்டதால உயிர் தப்பிச்சது.

ஆனா சிட்டிக்கு 545 மேட்ச் ஆட வெச்சது இந்தக் கதை இல்லை, அவர் கையால பந்தை எறியற வீச்சு.

[திரையில்: மைதான வரைபடம். நீளமான உதை, தாழ்வான வீச்சு]

அந்தக் காலத்து கோல்கீப்பர் பந்தைப் பிடிச்சதும் ஓங்கி உதைப்பார். தோல் பந்து, மழையில நனைஞ்சா கனத்துப் போகும். நடு மைதானத்துல மேலேயிருந்து இறங்கும்போது ரெண்டு அணியும் அதுக்குத் தலையைக் கொடுக்கும். யாருக்குக் கிடைக்கும்கிறது குருட்டு அதிர்ஷ்டம்.

1953-ல ஹங்கேரி இதே வெம்பிளியில இங்கிலாந்தை 6-3னு அடிச்சது. அவங்க கீப்பர் க்ரோசிச் பந்தை உருட்டியும் எறிஞ்சும் ஆட்டத்தைத் தொடங்குவார். ட்ராட்மனுக்கு அது ரொம்பப் பொருந்திச்சு. சின்ன வயசுல ஹேண்ட்பால் ஆடின கை.

[திரையில்: அம்புக்குறி: கோல், பார்ன்ஸ், ரெவி]

ட்ராட்மன் எறியற பந்து போறது விங்-ஹாஃப், அதாவது நடுக்களத்துல ஓரமா ஆடுற கென் பார்ன்ஸுக்கு. அவர்கிட்டேயிருந்து டான் ரெவிக்கு. ரெவி சென்டர் ஃபார்வர்டுதான், அதாவது முன்வரிசை நடுவுல நிக்க வேண்டியவர், ஆனா பின்னால இறங்கி நிப்பார். அவரை ஒட்டியே காவல் நிக்கிற எதிரணி டிஃபென்டர் கூடவே வந்தா பின்னாடி ஓட்டை, வராட்டி ரெவிக்குத் தாராளமா நேரம்.

இதுல தப்பு எங்கே நடக்கும்? வீச்சு உயரமாப் போனா பார்ன்ஸ் அதை அடக்குறதுக்குள்ள எதிராளி மேல வந்துடுவான். நடுவுல எறிஞ்சு வெட்டுப்பட்டா நேரா கோல். அதனால ஓரமா, தாழ்வா, எதிராளி இல்லாத பக்கத்துக் காலுக்கு.

[திரையில்: 1949 செய்தித்தாள்]

ஒண்ணு சொல்லியாகணும்: இவர் ஜெர்மன் போர்க்கைதி. இங்கிலாந்துல லங்காஷயர் முகாம்ல, சென்டர்-ஹாஃபா (நடுத் தடுப்பாட்டக்காரரா) ஆடிட்டிருந்தவர் அடிபட்டதால கோல்ல போய் நின்னார். 1949-ல சிட்டி எடுத்தப்போ மான்செஸ்டர்ல பெரிய எதிர்ப்பு ஊர்வலமே நடந்தது. 1956-ல அதே இங்கிலாந்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது.

சொந்த நாட்டுக்கு? ஒரு மேட்ச்கூட இல்லை. வெளிநாட்டுல ஆடுறவரை எடுக்க மாட்டேன்னுட்டார் பயிற்சியாளர் ஹெர்பெர்கர். 1954-ல மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பை ஜெயிச்சப்போ கோல்ல நின்னது டோனி டுரெக்.