போனார்கள், திரும்பி வந்தார்கள்

அவைத் தலைவர் அவர்களே, பெரியவர்களே, கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையோடு தோட்ட டிவிசன்களிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

சென்ற வாரம் இதே ஹட்டன் மண்டபத்தில் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ படத்தைத் திரையிட்டோம். படம் முடிந்ததும் பலர் எழுந்து கருத்துச் சொன்னீர்கள். இன்றைய என் பேச்சு அந்தக் கருத்துகளைப் பற்றியது.

இது ஒரு தொடர்படம். ஆஸ்திரேலியரான ஜார்ஜ் மில்லர் 1979இல் முதற் படத்தை எடுத்தார். 1981, 1985 என்று இன்னும் இரண்டு வந்தன. பிறகு 30 ஆண்டு கழித்து, 2015இல் வந்த நான்காவது படம் இது. முந்தியவற்றைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றும் பிடிபடாதோ என்று பயந்தோம். ஒருவர்கூட அந்தக் குறையைச் சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறார்கள்? 1973 எண்ணெய் நெருக்கடியில் பெற்றோலுக்காக மனிதர்கள் அடித்துக்கொண்டதுதான் முதற் படத்தின் கதைக்கே வித்து. 2022இல் பெற்றோல் செட் வாசலில் விடிய விடிய நின்றவர்கள் நாம். மண்ணெண்ணெய் கேனைக் கயிற்றில் கோத்து வரிசையில் இடம் பிடித்தவர்கள் நாம். வரிசையிலேயே விழுந்து உயிர்விட்ட முதியவர்களும் இந்த நாட்டில் உண்டு. இந்தப் படத்துக்கு நமக்கு முன்கதை எதற்கு?

சரி, கருத்துகளுக்கு வருகிறேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தார். “கதையே இல்ல சார். போறாங்க, திரும்பி வாறாங்க. அவ்வளவுதான்” என்றார். மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறையென்று நினைத்து அந்தத் தம்பி சொன்னதுதான் படத்தின் உயிர்.

நினைத்துப் பாருங்கள். ஃபியூரியோசா என்ற பெண் ஒரு பெரிய பவுசரில், அதாவது டேங்கர் லொறியில், கோட்டைத் தலைவனின் ஐந்து மனைவியரை ஒளித்து ஏற்றிக்கொண்டு ஓடுகிறாள். எங்கே? சிறு வயதில் அவளைப் பறித்துக்கொண்டு வந்தார்களே, அந்தப் பசுமையான ஊருக்கு. போய்ச் சேர்ந்தால் ஊரே இல்லை. நீர் கெட்டு, மண் கெட்டு, வெறும் சேறாகிவிட்டது. இரவில் அந்தச் சேற்றைக் கடந்துதான் வந்திருக்கிறாள். தன் ஊர் என்று அவளுக்கே தெரியவில்லை. மிச்சமிருப்பது சில வயதான பெண்கள், ஒரு பை நிறைய விதைகள். அப்போது, வழியில் அவளோடு சேர்ந்துகொண்ட நாயகன் மேக்ஸ் ஒரு யோசனை சொல்கிறான். நீரும் பச்சையும் இருப்பது நாம் விட்டு ஓடிவந்த இடத்தில். அங்கேயே திரும்புவோம் என்கிறான். வண்டியைத் திருப்புகிறார்கள்.

இந்த மலையில் பிறந்தவர்கள் இந்தக் கட்டத்தைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது. தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரை 1948இல் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. அந்த ஐந்தேகால் லட்சத்தில் எத்தனை பேரிடம் கேட்டார்கள்? கோச்சி, அதாவது ரயில் ஏறிய குடும்பங்களின் ஒப்பாரியை இந்த ஸ்டேசனில் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சொந்த ஊர் என்று அனுப்பிவைத்தார்கள். போன இடத்தில் அவர்களுக்குச் ‘சிலோன்காரர்’ என்று பெயர். நீலகிரியில் மறுபடியும் தேயிலை மலை, மறுபடியும் கொழுந்துக் கூடை.

இங்கேயே நிற்கிறோம் என்றவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். நமீபியப் பாலைவனத்தில் படம் பிடித்த மில்லர் நம்மை நினைத்து அதை எடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் ‘ஓடிப் போவதா, இருக்கும் இடத்தை நமதாக்குவதா’ என்ற கேள்வி இந்த மலையில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்பட்டது. அதைக் கதையில்லை என்று நாம் சொல்லலாமா, தம்பி?

இன்னொருவர், ஹீரோவுக்கு வேலையே இல்லை என்றார். இதே கோபம் 2015இல் வெளிநாடுகளிலும் சில ஆண்களுக்கு வந்தது. இருட்டில் துரத்திவரும் வண்டியைச் சுடும் காட்சியைச் சொல்கிறேன். மேக்ஸ் இரண்டு முறை சுட்டுத் தவறவிடுகிறான். தோட்டாக்கள் தீரப் போகின்றன. துப்பாக்கியை ஃபியூரியோசாவிடம் கொடுத்துவிட்டு, அவள் அதைச் சாய்த்துக் குறிபார்க்கத் தன் தோளைக் கொடுக்கிறான். அவள் சுடுகிறாள், எதிரியின் விளக்கு சிதறுகிறது. ஒருவன் செய்யக்கூடியதில் இது சின்ன வேலையா? மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தராசின் பக்கத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நம் சங்க மேடைகளிலும் அப்படித்தான். தோள் கொடுக்கும் ஆண்களை நம் பையன்கள் திரையிலாவது பார்க்கட்டும்.

சத்தம் அதிகம், அடிதடி அதிகம் என்று ஒரு ஆசிரியை சொன்னார். ஒத்துக்கொள்கிறேன், சின்னப் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கக் கூடாது. ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார்: இவ்வளவு வேகத்திலும் யார் எங்கே என்று குழம்பவில்லையாம். அது தற்செயலாக அமைந்ததல்ல. பார்க்க வேண்டியதைக் காட்சிச் சட்டகத்தின் நடுவிலேயே வைத்துப் பிடித்தார்கள். வெட்டு மாறினாலும் கண் அலைய வேண்டியதில்லை. மலைபோல் குவிந்த காட்சிப் பதிவுகளைத் தொகுத்தவர் மார்கரெட் சிக்ஸல். அதற்கு முன் அவர் சண்டைப் படம் எதையும் தொகுத்ததில்லை. ‘ஃபியூரி ரோட்’டுக்குக் கிடைத்த ஆறு ஒஸ்கார் விருதுகளில் ஒன்று அவருடையது.

கடைசியாக, முன் வரிசையில் இருந்த தங்கச்சி. தலைவன் உச்சியில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீர் திறந்துவிட்டு மூடுவானே, கீழே சனம் பாத்திரத்தோடு முட்டி மோதுமே, அதைப் பார்த்தபோது தன் லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவாகத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை நினைவு வந்தது என்றார். மகாவலியும் களனியும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்பி நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன. பழைய மஸ்கெலியா நகரமே அந்தத் தண்ணீருக்குள் போனது. இருந்தும் பல லயங்களில் காலை ஐந்து மணிக்குக் குடத்தோடு நிற்கிறோம். படத்தின் முடிவில் பெண்கள் மேலே ஏறித் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். எல்லோரும் கைதட்டினோம். அந்தத் தங்கச்சி தட்டவில்லை. “நாளைக்கு அந்தத் திறப்பு யார் கையில?” என்று கேட்டார்.

படம் அதற்குப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லப்பட்ட கருத்துகளில் எனக்குப் பெரியதாகப் பட்டது அந்தக் கேள்விதான். அன்று நேரமில்லை என்று அவரை உட்காரவைத்துவிட்டார்கள். இன்று நேரம் இருக்கிறது. தங்கச்சி, மேடைக்கு வாருங்கள். மைக்கை உங்களிடம் தருகிறேன்.