பச்சை இலைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள்

[காட்சி: வெயிலுக்கு எதிரே பிடித்த ஓர் இலை]

இந்த இலை பச்சை. ஆனால் மஞ்சளும் ஆரஞ்சும் இப்போதே இதற்குள் இருக்கின்றன. நம்பிக்கை வரவில்லையா?

[காட்சி: கண்ணாடிக் குழாய், அதில் மெல்ல இறங்கும் வண்ணப் பட்டைகள்]

1900களின் தொடக்கத்தில், வார்சா நகரில், மிகைல் ஸ்வெட் என்ற தாவரவியலாளர் இலையின் நிறச்சாற்றைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த குழாயில் ஊற்றினார். சாறு இறங்க இறங்க, பச்சை ஒரு பட்டையாகவும் மஞ்சள் வேறு பட்டையாகவும் பிரிந்து நின்றன. ரஷ்ய மொழியில் 'ஸ்வெட்' என்றால் நிறம் என்று பொருள். பெயர்ப் பொருத்தம் என்றால் இதுதான்!

பச்சைப் பட்டைக்குக் காரணம் பச்சையம். சூரிய ஒளியில் நீலத்தையும் சிவப்பையும் அது ஆவலாக விழுங்கும். பச்சையில் அவ்வளவு நாட்டமில்லை. பச்சை ஒளி முழுவதையும் இலை திருப்பி அனுப்புகிறது என்று சொல்வார்கள். அது மிகை. அதிலும் பெரும்பகுதியை இலை எடுத்துக்கொள்கிறது. மீந்து தப்புகிற கொஞ்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது.

மஞ்சள் பட்டை, கரோட்டினாய்டுகள். அளவுக்கு மீறிய வெயிலால் இலை கெடாமல் காப்பவை இவை. குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் வந்ததும் மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள நைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. திரை விலகுகிறது, மஞ்சள் தெரிகிறது.

[காட்சி: செம்பு நிற மாந்தளிர்]

சிவப்பின் கதை வேறு. அது ஒளிந்திருந்தது அல்ல, புதிதாகத் தயாரானது. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமிதான் மாந்தளிரையும் சிவக்க வைக்கிறது. வெயிலுக்குக் குடையா, பூச்சிகளுக்கு எச்சரிக்கையா என்று ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்குக் குடைக் கட்சிதான் பிடித்திருக்கிறது.

நீலச் சங்குப்பூவிலும் இதே குடும்பத்து நிறமிதான். பூவை வெந்நீரில் ஊறவைத்து எலுமிச்சை பிழிந்தால், புளிப்பு பட்டதும் நீலம் ஊதாவாகிவிடும். பீட்ரூட்டும் காகிதப்பூவும் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அவற்றின் நிறமி பீட்டலைன். இயற்கையில் ஆந்தோசயனின், பீட்டலைன் இரண்டையும் ஒன்றாகத் தயாரிக்கும் செடி இதுவரை கண்டறியப்படவில்லை.

[காட்சி: மல்லிகை இதழ், மிக அருகில்]

அப்படியானால் வெள்ளைக்கு எந்த நிறமி? எதுவுமே இல்லை. இதழின் செல்களுக்கு இடையே உள்ள காற்று, ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது, அதுதான் வெண்மை. இதழை விரல்களுக்கு நடுவே அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். காற்று வெளியேறிய இடம், எண்ணெய் பட்ட காகிதம்போல் மங்கலாக ஊடுதெரியும்.