ஆறில்லாத ஊருக்குச் செய்மதி எதற்கு?

[காட்சி: செய்மதிப் படத்தில் யாழ். குடாநாடு. வழுக்கையாற்றின் பாதை நீலக்கோடாக வரையப்படுகிறது.]

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் சேரும். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான். அந்த நன்னீருக்கு அடியில் உவர்நீர் இருக்கிறது. அளவு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஆகவே நிலத்துக்குள் இறங்க வேண்டிய மழைநீர் எந்தக் குளத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்பதை நாம் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

[காட்சி: ஒரே குளம். டிசம்பர் படம், ஜூலை படம்.]

செய்மதி இங்கே நன்றாகவே உதவும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும். மண்ணும் செடியும் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்து நீர்ப்பரப்பைப் பிரித்துவிடலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை நம் மேலால் போகின்றன. படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றர். குளம் தெரியும், கேணி தெரியாது. படங்கள் இலவசம்.

சரி, மாரியில் வானம் மூடிக்கிடக்குமே? அதற்குச் சென்டினல்-1 இருக்கிறது. அதன் ரேடார் அலை முகிலை ஊடுருவும். அமைதியான நீர் அந்த அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். காற்றில் நீர் அலைந்தாலோ, புல் மண்டிக் கிடந்தாலோ கணக்குப் பிழைக்கும். அப்படியான இடத்தை நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

[காட்சி: தொண்டைமானாற்றுத் தடுப்பணை. பின்னர் நிறமூட்டிய கடலேரிப் படம்.]

அடுத்தது நீரின் தரம். பாசியிலுள்ள பச்சையம் 665 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை உறிஞ்சும். 705 நானோமீற்றர் அளவில் பாசி ஒளியை அதிகம் தெறிக்கவிடும். சென்டினல்-2 இரண்டையும் அளக்கிறது. நீர் கலங்கினால் சிவப்புத் தெறிப்புக் கூடும். ஆனால் நம் கடலேரி ஆழம் குறைந்தது. அடியிலுள்ள மணலும் கடற்புல்லும் சேர்ந்தே படத்தில் விழும். கடற்புல்லைப் பாசி என்று நம்பிவிடக் கூடாது. செய்மதி கடக்கும் நாளிலேயே சில இடங்களில் தண்ணீர் எடுத்து, ஆய்வுகூடத்தில் பச்சையத்தை அளந்து ஒப்பிட வேண்டும். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டுப் போடும் வண்ணப்படத்தை நான் நம்பமாட்டேன்.

[காட்சி: வலிகாமத்துச் செம்மண் தோட்டம், கிணறு.]

இனி நமக்கு மிக முக்கியமான விடயம். கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்று எந்தச் செய்மதிக்கும் தெரியாது. அதற்கு நிறமில்லை; நீரும் நிலத்துக்குக் கீழே. உரத்திலிருந்தும் மலசலக்குழிக் கசிவிலிருந்தும் வரும் நைத்திரேற்று சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் விரைவாக இறங்கிவிடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கைக்குழந்தைகளுக்கு இது உயிர் விடயம்.

ஆனால் எந்தக் கிணற்றை முதலில் சோதிப்பது என்று செய்மதியிடம் கேட்கலாம். ஓகஸ்ட் வறட்சியில் எடுத்த படத்தில் பச்சையாகத் தெரியும் காணிகளைக் குறியுங்கள். பனையும் அப்போது பச்சையாகவே நிற்கும். ஆகவே அறுவடை முடிந்த இன்னொரு நாள் படத்தோடு வைத்துப் பாருங்கள். பச்சை மறைந்த காணிகள் இறைத்துப் பயிர் செய்தவை. அவற்றைச் சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளில் இருந்து சோதனைக்குப் போத்தலை நிரப்பத் தொடங்கலாம்.