வசாய்க்காரர் கொன்சாலோவும் கூடவே நடந்த தச்சரும்

(காட்சி: விரார் வண்டி, பாயந்தர் கழிமுகப் பாலம்)

மும்பை தாராவியிலிருந்து கிளம்பி மாகிமில் ஏறி, அந்தேரியில் விரார் வண்டிக்கு மாறுங்கள். பாயந்தர் தாண்டி, பாலத்தில் வண்டி தடதடக்கும்போது உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். அடுத்து நாய்காவ், அப்புறம் வசாய் ரோடு. மறைசாட்சி கொன்சாலோ கார்சியா பிறந்த ஊர் அது. இந்த வீடியோ அவரைப் பற்றியும், அவரோடு இறந்த மிகச் சாதாரணமான சிலரைப் பற்றியும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் மறைசாட்சி என்கிறோம், என் பாட்டி வேதசாட்சி என்பார், மற்ற சபை நண்பர்கள் இரத்தசாட்சி என்பார்கள். எல்லாவற்றிலும் ‘சாட்சி’ இருக்கிறது. கிரேக்க மூலச்சொல்லுக்கும் சாட்சி சொல்பவர் என்பதுதான் பொருள். கண்டதைச் சொல்லிவிட்டு, மிரட்டினாலும் மாற்றிச் சொல்லாமல், விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தவர்.

(காட்சி: வசாய்க் கோட்டையின் இடிந்த சுவர்கள்)

கொன்சாலோ 1556 வாக்கில் பிறந்தார். அப்பா போர்ச்சுகீசியர், அம்மா இந்த மண்ணின் பெண். சிறுவயதிலேயே சேசு சபைத் துறவிகளோடு ஜப்பான் போய் மொழியைக் கற்று, மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாராக இருந்தார். பிறகு வியாபாரம் செய்தார். மணிலாவில் பிரான்சிஸ்கன் துறவற சபையில் சேர்ந்தார், குருவாக அல்ல, துறவறச் சகோதரராக. 1593ல் பேதுரு பாப்டிஸ்ட் என்ற குருவுக்கு மொழிபெயர்ப்பாளராக மீண்டும் ஜப்பான் போனார்.

அங்கே ஆட்சி ஹிதேயோஷியின் கையில். 1587லேயே மறைப்பணியாளர்களை வெளியேறச் சொல்லியிருந்தாலும் கெடுபிடி அவ்வளவாக இல்லை. 1596ல் சான் பெலிப்பே என்ற ஸ்பானியக் கப்பல் கரைதட்டியது. முன்னால் குருக்கள், பின்னாலேயே படை வரும் என்ற சந்தேகம் ஹிதேயோஷிக்கு வலுத்தது. கைது உத்தரவு பிறந்தது.

கொன்சாலோவோடு சேர்த்துக் கைதானவர்கள் 24 பேர். கியோட்டோவில் ஆளுக்கு ஒரு காதில் கொஞ்சம் அறுத்தார்கள். ஜனவரிக் குளிரில் நாகசாகி வரை ஏறக்குறைய ஒரு மாதப் பயணம்.

சரி, 24 பேர்தானே கிளம்பினார்கள், 26 மறைசாட்சிகள் எப்படி? எனக்கு நெஞ்சு நிற்கும் இடம் இது. வழியில் அவர்களுக்கு உதவுவதற்காக இரண்டு பேர் கூடவே நடந்தார்கள். ஒருவர் பேதுரு சுகேஜிரோ. இன்னொருவர் பிரான்சிஸ், தச்சர். அவர்கள் பெயர் பட்டியலிலேயே இல்லை. காவலர்கள் அவர்களையும் பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வரிசையில் வில் செய்யும் மிக்கேல் கொசாக்கி இருந்தார், அவர் மகன் தோமாவுக்கு 14 வயது. இரவில் தங்கிய இடத்தில் தோமா அம்மாவுக்குக் கடிதம் எழுதினான்: தம்பிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. கடிதம் போய்ச் சேரவில்லை. அப்பாவின் உடலில், இரத்தம் தோய்ந்த உடைக்குள் கிடைத்தது.

லூயிஸ் இபராக்கிக்கு 12 வயது. விசுவாசத்தை விட்டால் உயிரோடு போகலாம் என்றார் அதிகாரி. சிறுவன் மறுத்துவிட்டான்.

(காட்சி: நாகசாகியின் நிஷிசாகா குன்று, 26 உருவங்கள்)

1597 பிப்ரவரி 5. குன்றின்மேல் 26 சிலுவைகள். இருபுறமும் ஈட்டி. அவர்களில் 17 பேர் ஜப்பானியப் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாத சாதாரண மக்கள்.

மறைசாட்சி என்று திருச்சபை எப்படி முடிவு செய்கிறது? உண்மையிலேயே கொல்லப்பட்டாரா, கொன்றவருக்கு விசுவாசத்தின் மேல் வெறுப்பு இருந்ததா, இறந்தவர் மனமுவந்து ஏற்றாரா என்று விசாரிக்கும். மறைசாட்சி என்றால், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டத்துக்குப் புதுமை, அதாவது அற்புதம், கேட்பதில்லை. இவர்களுக்கு அருளாளர் பட்டம் 1627ல், புனிதர் பட்டம் 1862ல்.

நாஞ்சில் நாட்டு உறவுகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. நட்டாலத்தில் பிறந்த தேவசகாயமும் குரு அல்ல, மனைவியோடு வாழ்ந்த அரண்மனை அலுவலர். 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14ல் காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு, 2022ல் புனிதர். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் கல்லறையில் கைவைத்து ஜெபிக்காத குமரிக்காரர் குறைவு.

வசாய்க்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். கதையெல்லாம் வண்டியிலேயே சொல்லிவிட்டேன். கோயிலில் கொன்சாலோவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். யாருக்கும்மா என்று கேட்டேன்.

“கூடவே நடந்து போனாரே, அந்தத் தச்சருக்குடா.”