பரங்கிக்காய்க்கு முன்னால் டர்னிப்: ஹாலோவீன் வழக்கங்கள் எங்கிருந்து வந்தன?

[திரையில்: சுருங்கிப்போன ஒரு சிறிய முகம்]

இந்த முகத்தைக் கொஞ்சம் நன்றாகப் பாருங்கள். உள்ளே போன கண்கள், கோணல் வாய், அதில் துருத்தும் பற்கள். மண்டை ஓடு மாதிரி இருக்கிறது, ஆனால் இது ஒரு டர்னிப், முள்ளங்கி மாதிரி ஒரு உருண்டைக் கிழங்கு. அயர்லாந்தின் டொனெகல் பகுதியில் ஃபின்டவுன் என்ற ஊரில், அக்டோபர் 31 இரவு கொண்டாடும் ஹாலோவீனுக்காகக் குடைந்த விளக்கின் அச்சு வார்ப்பு. காசல்பார் பக்கத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அந்தப் பருவத்தில் கையில் கிடைத்தது டர்னிப்தான். அதன் சதை இறுகிக் கிடக்கும், கை வலிக்கச் சுரண்டி எடுத்துவிட்டு உள்ளே ஒரு துண்டு மெழுகுவர்த்தியை வைப்பார்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறினார்கள், அவர்களோடு ஹாலோவீனும் போனது. அமெரிக்காவில் பெரிய பெரிய பரங்கிக்காய், குடையவும் சுலபம். அப்புறம் டர்னிப்பை யார் தேடப்போகிறார்கள்?

[திரையில்: புல்வெளியில் மாட்டு மந்தை]

சரி, அக்டோபர் 31 ஏன்? அயர்லாந்தில் அன்று இரவு தொடங்கும் விழாவின் பெயர் சவின். கோடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகளை ஓட்டிவரும் காலம். அன்று மறுஉலகத்தின் வாசல் திறக்கும் என்று பழைய ஐரிஷ் கதைகள் சொல்கின்றன. ட்ரூயிட் பூசாரிகள், அதாவது கிறிஸ்தவம் வருவதற்கு முன் அங்கே இருந்த பூசாரிகள், அன்றைக்கு அதைச் செய்தார்கள், இதைச் செய்தார்கள் என்று இணையத்தில் நிறையப் பேர் அடித்துச் சொல்வார்கள். தயவுசெய்து அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் கதைகளை ஏட்டில் எழுதியவர்கள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த கிறிஸ்தவத் துறவிகள், பூசாரிகளே எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

என்னைக் கேட்டால், ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போகும் வழக்கத்தின் வேரை இடைக்கால இங்கிலாந்தில்தான் தேட வேண்டும். நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், 9ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நிலைபெற்றது. அதற்கு மறுநாளை இறந்தவர்களுக்காக ஒதுக்கியவர் பிரான்சில் க்ளூனி மடத்துத் தலைவராக இருந்த ஒடிலோ, அது 1000ஆம் ஆண்டையொட்டி. நம் ஊர் கத்தோலிக்கர்கள் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் இருக்கிறதே, அதே நவம்பர் 2தான்.

[திரையில்: சிலுவைக் கீறல் போட்ட வட்டமான சிறு கேக்]

இறந்தவர்களின் ஆத்துமா மோட்சத்துக்குப் போகும் முன் பாவம் தீரத் தவிக்கும் இடம் உத்தரிக்கிற ஸ்தலம். அங்கே தவிக்கும் ஆத்துமா, மற்றவர்கள் ஜெபித்தால் சீக்கிரம் கரையேறும் என்று அன்றைக்கு நம்பினார்கள். அதனால் ஏழைகள் வாசல் வாசலாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லி, ‘ஆத்துமா கேக்’ வாங்கிக்கொள்வார்கள். பட்டை, ஜாதிக்காய் மணக்கும் சின்ன கேக். 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள் உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாது என்று சொல்லிவிட்ட பிறகும், இங்கிலாந்தின் செஷயர், ஷ்ராப்ஷயர் பக்கங்களில் 19ஆம் நூற்றாண்டு வரை பிள்ளைகள் பாடிக்கொண்டு கேக் கேட்கப் போனார்கள்.

ஸ்காட்லாந்தில் வேஷம் கட்டிப் போவார்கள், ஆனால் சும்மா எதுவும் கிடைக்காது. ஒரு பாட்டோ கவிதையோ சொன்னால்தான் ஆப்பிள், கொட்டை, காசு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பிள்ளை தன் திறமையைக் காட்டி வாங்கிப் போகிறது.

‘ட்ரிக் ஆர் ட்ரீட்’, அதாவது ‘தின்பண்டம் தருகிறீர்களா, இல்லை குறும்பு செய்யட்டுமா’ என்ற மிரட்டல் வட அமெரிக்காவில் சேர்ந்தது, கனடா பத்திரிகைகளில் 1920களிலேயே வருகிறது. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைக்கு ரேஷன் போட்டதால் அது கொஞ்சம் அடங்கியது. 1947-இல் அமெரிக்காவில் ரேஷன் நீங்கியதும் மிட்டாய் கம்பெனிகள் முழு மூச்சாக இறங்க, ஆப்பிளும் கொட்டையும் இருந்த பையில் காகிதம் சுற்றிய மிட்டாய் நிரம்பியது.