சந்தேகங்களுக்கு விளக்கம்: வலி நோயாளிகளின் போராட்டத்துக்குப் பின்னால் யார்?

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் ஓபியாய்டு மாத்திரை வேண்டும் என்று நாள்பட்ட வலி நோயாளிகள் கொடி பிடிக்கிறார்களே, அவர்களுக்குப் பின்னால் இருப்பது மருந்து கம்பெனிதானே?" படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. ஏனென்றால் பாதி சரி. (ஓபியாய்டு என்றால் மார்ஃபின் வகை வலி மருந்து. வலியை அடக்கும், போதைக்கும் அடிமையாக்கலாம்.)

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் பெய்ன் ஃபவுண்டேஷன் என்று ஒன்று இருந்தது. நோயாளிகளின் குரல் என்று பெயர். வரவில் பெரும்பங்கு மருந்து, மருத்துவக் கருவி கம்பெனிகளின் பணம். 2012இல் செனட் விசாரணை ஆரம்பித்ததும் கடையைக் கட்டிவிட்டார்கள். அப்புறம் 2018இல் ஒரு செனட் அறிக்கை வந்தது. 2012 முதல் 2017 வரை ஐந்து கம்பெனிகள் 14 அமைப்புகளுக்குக் கிட்டத்தட்ட 90 லட்சம் டாலர் கொடுத்திருந்தன. ஆக, நீங்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் அதே 2018இல் 'டோன்ட் பனிஷ் பெய்ன்' (வலியைத் தண்டிக்காதீர்கள்) என்று பல மாநிலங்களில் தெருவில் நின்றது நோயாளிகளே கூட்டிய கூட்டம். சில இடங்களில் ஆட்கள் குறைவு என்பார்கள். நிற்கவே முடியாதவர்கள் நடத்துகிற போராட்டத்தில் தலையை எண்ணி என்ன செய்வது?

அவர்களைத் தெருவுக்கு இழுத்தது எது என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஒரே ஒரு எண். 90. வழக்கமாகப் பார்ப்பவர்கள் 'மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்' என்பீர்கள், பரவாயில்லை. 2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பொது மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. டோஸைக் கூட்டும்போது ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம் மார்ஃபினுக்கு இணையான அளவைத் தொடாதீர்கள், தொட்டால் காரணம் இருக்கட்டும் என்றது. ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு மாத்திரைக்கு மார்ஃபினைப் போல ஒன்றரை மடங்கு கணக்கு. 20 மில்லிகிராம் மாத்திரை காலை, மதியம், இரவு என்று மூன்று போட்டால் 60. ஒன்றரையால் பெருக்கினால் 90. அவ்வளவுதான், எல்லை வந்துவிட்டது!

மருத்துவருக்குச் சொன்ன யோசனையைப் பல மாநிலங்களும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் மருந்துக்கடைகளும் உச்சவரம்பாக்கிவிட்டன. வருடக்கணக்கில் ஒரே டோஸில், வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவருக்கும் வெட்டு.

வெட்டினால் என்ன ஆகும்? பழைய பேச்சில் சொன்னதுதான், இன்னொரு தரம் சொல்கிறேன். மருந்துக்கு உடம்பு பழகிப்போவது வேறு, வாழ்க்கை கெட்டாலும் பரவாயில்லை என்று அதையே தேடி அலைவது வேறு. முதலாவது, நெடுநாள் சாப்பிடுகிற யாருக்கும் வரலாம். திடீரென்று நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும், வயிற்றால் போகும், தூக்கம் வராது, அடங்கியிருந்த வலி திரும்பி வரும். தற்கொலை வரை போகிறது என்று 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே எச்சரித்தது. வழிகாட்டுதலை எழுதியவர்களும் அதே மாதம், நாங்கள் சொன்னதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினார்கள். ஓபியாய்டு அளவு மீறிச் சாவதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுப்பாடெல்லாம். சரி, மருந்துச் சீட்டைக் குறைத்தால் சாவாவது குறைந்ததா? 2012இல் சுமார் 25.5 கோடியாக இருந்த ஓபியாய்டு சீட்டுகள் 2020இல் 14.2 கோடியாகக் குறைந்தன. 2021இல் போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்களோ ஒரு லட்சத்துக்கு மேல். பெரும்பாலும் கள்ளச்சந்தையில் விற்கிற 'ஃபென்டனில்' என்ற மிக வீரியமான ஓபியாய்டால்.

நாள்பட்ட வலி உள்ள எல்லோருக்கும் ஓபியாய்டு கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நெடுங்காலப் பலனுக்குச் சான்று குறைவுதான். ஏற்கெனவே அதில் இருப்பவரைச் சட்டென்று தள்ளிவிடாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

அந்த நோயாளிகளிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஊர்வலம் இல்லை, கடிதம். 2022இல் அந்த வழிகாட்டுதலின் திருத்த வரைவுக்கு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது சுமார் 5,500 கருத்துகள் வந்தன. அதைப் படுக்கையில் கிடந்தபடியே எழுதலாம், பாருங்கள். நவம்பரில் இறுதி வடிவம் வந்தபோது பரிந்துரைகளில் அந்த 90 இல்லை. ஆனால் மாநிலங்கள் போட்டுவைத்த பழைய விதிகள் தானாகப் போய்விடாது. அதனால் இப்போது மாநிலம் மாநிலமாக முட்டிக்கொண்டிருக்கிறார்கள். மினசோட்டாவில் 2022இலேயே, டோஸ் வழிகாட்டுதலைத் தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவர் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.