பிராண்டைக் கேட்காதீர்கள், கீலைப் பாருங்கள்: லேப்டாப் வாங்கும் முன் ஒரு பேச்சு

[திரையில்: மேசை மேல் ஒரு பழைய லேப்டாப். வலது பின்மூலை பிளந்து, உள்ளே உலோகத் துண்டு தெரிகிறது. மூடியின் பெயர் மேல் கறுப்பு டேப்.]

வணக்கம். இது என்னுடைய லேப்டாப். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அதற்காகத்தான் டேப் ஒட்டியிருக்கிறேன். வாங்கி 14 மாதம் ஆகியிருந்தது, அதாவது வாரன்டி முடிந்து இரண்டே மாதம். ஒரு நாள் காலையில் திறந்தேன், டக்கென்று ஒரு சத்தம். ஸ்க்ரீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதர்போர்டு ஓடுகிறது, பேட்டரியும் நிற்கிறது. ஆனால் மூடியை மூட முடியவில்லை. போனது கீல். சர்வீஸ் கடையில் ஹிஞ்ச் என்பார்கள்.

கடைக்காரர் திறந்து காட்டினார். கீலைப் பிடித்திருந்த திருகுகள் இறங்கும் இடத்தில் சின்னச் சின்னப் பித்தளைக் குமிழ்கள். அந்தக் குமிழ்கள் பிளாஸ்டிக்கில் பதித்தவை. கீல் இறுக்கமானது, பிளாஸ்டிக் மெல்லியது. நாம் ஒவ்வொரு முறை மூடியைத் தூக்கும்போதும் கீல் அந்தக் குமிழை வெளியே இழுக்கிறது. ஒரு நாள் குமிழ் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். விளம்பரத்தில் பிராசசர் வேகம் இருந்தது, ரேம் எவ்வளவு என்று இருந்தது. இந்தக் குமிழைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "எந்த பிராண்ட் நல்லது?" இதற்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பதில் ஏன் உதவாது என்பதைக் காட்டுகிறேன்.

[திரையில்: ஒரு பட்டியல், எண்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

2009-ல் அமெரிக்காவில் ஸ்கொயர்ட்ரேட் என்று கூடுதல் வாரன்டி விற்கும் நிறுவனம், தன்னிடம் பதிவான சுமார் 30,000 லேப்டாப்களை வைத்து ஒரு கணக்குப் போட்டது. மூன்று வருடத்தில் தானாகப் பழுதாகும் வாய்ப்பு எவ்வளவு? அசுஸ் 15.6 சதவீதம். தோஷிபா 15.7. சோனி 16.8. ஆப்பிள் 17.4. டெல் 18.3. லெனோவோ 21.5. ஏசர் 23.3. எச்பி 25.6. அன்றைக்கு இந்தப் பட்டியலை வைத்து இணையத்தில் நடந்த சண்டை கொஞ்சமில்லை.

இன்றைக்கு அதைப் பாருங்கள். முதல் மூன்று பேரில் சோனி தன் லேப்டாப் பிராண்டான வையோவை 2014-லேயே விற்றுவிட்டது. தோஷிபா 2020-ல் லேப்டாப் தொழிலை முழுதாகக் கைகழுவியது. இன்னொரு வேடிக்கை லெனோவோ. நீண்ட உழைப்புக்குப் பெயர் போன திங்க்பேட் வரிசை அவர்களுடையதுதானே? பிறகு ஏன் டெல்லுக்குக் கீழே? ஏனென்றால் இது கம்பெனி பெயரில் எடுத்த கணக்கு. ஆபீசுக்குப் போகும் திங்க்பேடும், தள்ளுபடியில் போகும் மலிவு மாடலும் ஒரே லெனோவோதான். பிரியாணியையும் தயிர்ச்சோற்றையும் கலந்து அந்த ஓட்டலுக்கு ஒரு மார்க் போட்டால் எப்படியிருக்கும், அப்படி.

அப்புறம், உள்ளே இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவை மூடியில் பெயர் இருக்கும் கம்பெனி செய்தவை அல்ல. லேப்டாப்பையே கூட தைவானின் குவான்டா, காம்பல் போன்ற நிறுவனங்கள் பல பிராண்டுகளுக்கும் செய்து கொடுக்கின்றன. 2006 ஆகஸ்டில் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது, தீப்பிடிக்கலாம் என்று. அதே மாதம் ஆப்பிள் 18 லட்சம். அடுத்த மாதம் லெனோவோ. மூன்று பேரின் பேட்டரிக்குள்ளும் இருந்த செல் ஒரே கம்பெனி செய்தது, சோனி. இரண்டு வருடம் கழித்து என்விடியாவின் சில கிராபிக்ஸ் சிப்கள் சூட்டில் விட்டுப்போயின. அதிலும் எச்பி, டெல், ஆப்பிள் என்று எல்லோரும் மாட்டினார்கள்.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? சீரிஸைப் பாருங்கள். டெல் என்றால் இன்ஸ்பிரானா லேட்டிட்யூடா? எச்பி என்றால் பெவிலியனா எலைட்புக்கா? லெனோவோ என்றால் ஐடியாபேடா திங்க்பேடா? அசுஸ் என்றால் விவோபுக்கா எக்ஸ்பர்ட்புக்கா? முதலில் சொன்னவை வீட்டுக்கு விற்பவை, இரண்டாவதாகச் சொன்னவை கம்பெனிகள் மொத்தமாக வாங்குபவை. ஐயாயிரம் லேப்டாப் வாங்கும் கம்பெனியிடம் கீல் உடைந்தால் விற்றவருக்குத் தலைவலி அதிகம். அதனால் அங்கே பெரும்பாலும் கீல் உலோகச் சட்டத்தில் மாட்டப்படுகிறது, கீபோர்டு தனியாகக் கழற்ற வருகிறது, பாகமும் பல வருடம் கிடைக்கிறது. நம்மைப் போல ஒன்று வாங்குபவர் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. டெல் 2025 ஜனவரியில் எக்ஸ்பிஎஸ், இன்ஸ்பிரான், லேட்டிட்யூட் பெயர்களை எல்லாம் ஓரங்கட்டி வெறும் டெல், டெல் ப்ரோ என்று மாற்றியது. வாங்குபவர்களுக்குத் தலை சுற்றியது. ஒரு வருடம் கழித்து எக்ஸ்பிஎஸ் பெயரை மட்டும் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடையில் இருப்பது எந்த வரிசை என்று விற்பனையாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

[திரையில்: கறுப்பு திங்க்பேட், நடுவில் சிவப்புப் புள்ளி. பக்கத்தில் ஜப்பானியச் சாப்பாட்டுப் பெட்டி.]

இப்போது அழகு. அழகைப் பார்ப்பது தப்பு என்று சொல்லும் ஆள் நானில்லை. தினமும் எட்டு மணி நேரம் முகத்துக்கு நேரே இருக்கும் பொருள், பிடித்திருக்க வேண்டாமா? கேள்வி என்னவென்றால், கடை வெளிச்சத்தில் தெரியும் அழகா, மூன்று வருடம் கழித்தும் நிற்கும் அழகா?

1992-ல் ஐபிஎம் முதல் திங்க்பேடைக் கொண்டுவந்தபோது அதன் வடிவத்தைக் கொடுத்தவர் ரிச்சர்ட் சாப்பர், இத்தாலியில் வாழ்ந்த ஜெர்மானியர். ஜப்பானியர்கள் சாப்பாடு அடுக்கும் கறுப்பு அரக்குப் பெட்டியைப் பார்த்து வந்த யோசனை. மூடியிருந்தால் வெறும் கறுப்புப் பெட்டி, திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். 2005-ல் ஐபிஎம்மின் லேப்டாப் தொழில் லெனோவோவின் கைக்குப் போன பிறகும் அந்த முகம் பெரிதாக மாறவில்லை. நிறைய பேர் அதை அழகில்லை என்பார்கள். எனக்குப் பிடிக்கும். பத்து வருடப் பழைய திங்க்பேடையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் பழையது ஒன்றும் அசிங்கமாகத் தெரியாது.

அழகுக்காக உழைப்பை விட்டுக்கொடுத்த கதைக்கு ஆப்பிளைத்தான் சொல்ல வேண்டும். 2015-ல் 12 அங்குல மேக்புக் வந்தது. தடிமன் 13.1 மில்லிமீட்டர். அந்த ஒல்லிக்காகக் கீபோர்டின் அடியில் இருந்த கத்தரிக்கோல் வடிவ அமைப்பை எடுத்துவிட்டு, பட்டாம்பூச்சிச் சிறகு போல விரியும் புது அமைப்பை வைத்தார்கள். பார்க்க அருமை. ஆனால் பட்டனுக்கு அடியில் இடம் அவ்வளவு குறைவு, ஒரு தூசி போனால் போதும், எழுத்து விழாது, அல்லது இரண்டு தடவை விழும். சரி, பட்டனை மாற்றலாமே என்றால் கீபோர்டு மேல் பாகத்தோடு சேர்த்து அறையப்பட்டிருந்தது, பேட்டரி அதிலேயே ஒட்டியிருந்தது. ஒரு பட்டன் மக்கர் பண்ணினால் பாதி லேப்டாப்பையே மாற்ற வேண்டும். 2018 ஜூனில் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று அறிவித்தார்கள். 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய கத்தரிக்கோலுக்கே திரும்பினார்கள். இந்தக் கீபோர்டுக்காக வாங்கியவர்கள் போட்ட வழக்கு 2022-ல் 5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதற்காக இன்றைய மேக்புக் மோசம் என்று அர்த்தமில்லை, நான் தயங்காமல் சிபாரிசு செய்யும் லேப்டாப்களில் அதுவும் ஒன்று. அதே பிராண்ட், 2017-ல் வாங்கியவருக்கு ஒரு அனுபவம், 2021-ல் வாங்கியவருக்கு வேறு அனுபவம்.

வண்ணத்தில் ஒரு விஷயம். தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருக்கும் பூச்சு பார்த்திருப்பீர்கள். கடையில் தடவிப் பார்த்தால் விலை உயர்ந்த பொருள் போலத் தோன்றும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் சில வருடம் இருக்கட்டும். காற்றின் ஈரத்தில் அந்தப் பூச்சு சிதைந்து பிசுபிசுவென்று ஆகிவிடும், கையில் ஒட்டும், துடைத்தால் தூசி இன்னும் அப்பிக்கொள்ளும். அலுமினியம் அடிபட்டால் நெளியும், ஆனால் பிளக்காது. கருநீல, கறுப்பு அலுமினியத்தில் கைரேகை பளிச்சென்று தெரியும். வெள்ளிச் சாம்பல் நிறம் சலிப்பாக இருக்கலாம், ஆனால் கீறலை மறைக்கும்.

[திரையில்: கடையில் ஒரு கை லேப்டாப் மூடியை ஒற்றை விரலால் தூக்குகிறது.]

கடைக்குப் போகிறோம். ஸ்பெக்ஸ் அட்டையைப் படிப்பதற்கு முன்னால் மூடியை நடுவில் ஒற்றை விரலால் தூக்குங்கள். அடிப்பாகமும் சேர்ந்து எழும்பினால் கீல் இறுக்கம். அது மட்டும் குற்றமில்லை, ஆனால் பிளாஸ்டிக் உடம்பில் இறுக்கமான கீல் என்றால் என் லேப்டாப்பின் கதைதான். மூடியைத் திறந்து மூடும்போது பின்மூலையைக் கவனியுங்கள், அங்கே விளிம்பு லேசாக வாய் பிளக்கிறதா? பிளந்தால் அடுத்த மாடலைப் பாருங்கள். பிறகு கீபோர்டின் நடுவில் அழுத்துங்கள், தொட்டில் போல உள்ளே போகக் கூடாது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் கிறீச் என்று கேட்கக் கூடாது. விற்பனையாளர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஸ்க்ரீனைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மலிவு மாடல்களில் 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு), 45 சதவீதம் என்டிஎஸ்சி (எவ்வளவு நிறம் காட்டும் என்ற அளவு) என்று போட்டிருப்பார்கள். நிறம் வெளுத்திருக்கும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும். 300 நிட்ஸுக்கு மேல், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுதான்) என்று இருந்தால் நல்லது.

ராணுவத் தரம் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், மில் எஸ்டிடி 810. அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைத் தொகுப்பு. அதில் பல சோதனைகள் உண்டு, எதை எதைச் செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம், சான்றிதழ் கொடுக்க என்று ஓர் அமைப்பும் கிடையாது. ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வெயிலையும் யோசியுங்கள். ஆப்பிள் தன் மேக்புக்குக்குச் சொல்லும் வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. மே மாதம் வேலூரில், திருச்சியில் ஏசி இல்லாத அறையில் அந்த எல்லை சாதாரணமாகத் தாண்டும். மேக்புக் ஏரில் மின்விசிறியே கிடையாது, சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி உள்ளதில் வேறு பிரச்சினை, தூசி. பின்மூடியைச் சாதாரண திருகாணிகளைக் கழற்றித் திறக்க முடியுமா என்று பாருங்கள், வருடம் ஒருமுறை சுத்தம் செய்ய உதவும்.

அதை எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் நான் ரொம்பத் தாமதமாகக் கற்ற வித்தை. டெல், எச்பி, லெனோவோ மூன்றும் தங்கள் மாடல்களுக்குச் சர்வீஸ் மேனுவலை, அதாவது கழற்றிப் பழுது பார்க்கும் கையேட்டை, தங்கள் தளத்தில் போடுகின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். பேட்டரியை எடுக்க எத்தனை திருகு? ரேமுக்குத் தனி இடம் இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைத்திருக்கிறதா? கீபோர்டு தனிப் பாகமா, மேல் மூடியோடு சேர்த்துத்தான் விற்கிறார்களா? பத்து நிமிடம் படம் பார்த்தால் போதும், நூறு விமர்சன வீடியோ சொல்லாததை அது சொல்லும். என் வீடியோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரேமைப் பற்றவைத்திருந்தால் வாங்கும்போதே தேவையான அளவை வாங்கிவிடுங்கள், பிறகு கூட்ட வழியில்லை.

கையில் காசு குறைவு என்றால் புதிய மலிவு மாடலை விட, கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு விற்கும் லேட்டிட்யூடோ எலைட்புக்கோ திங்க்பேடோ என் கணக்கில் மேல். சென்னை ரிச்சி தெருவில் இவை ரீஃபர்பிஷ்டு, அதாவது சரிசெய்து மறுபடி விற்பவை, என்று வரிசையாக இருக்கும். ஒரு நிபந்தனை: இன்டெல் பிராசசர் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம், விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக அதற்குக் கீழே ஏறாது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. பேட்டரி தேய்ந்திருக்கும், அதற்குத் தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்.

கடைசியாக வாரன்டி. வருடம் எத்தனை என்பதோடு, ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேளுங்கள். உங்கள் ஊருக்கு அருகில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எது என்று கடையிலேயே நின்று தேடிப் பாருங்கள். பட்டுக்கோட்டையில் இருப்பவருக்கு அது திருச்சியில் என்றால், அந்தப் பஸ் பயணமும் விலையில் சேர்த்திதான். கீழே விழுந்து உடைந்தால் சாதாரண வாரன்டி செல்லாது, அதற்குத் தனித் திட்டம் உண்டு. கல்லூரிக்குத் தூக்கிப்போகும் பிள்ளை என்றால் அதை வாங்கலாம்.

[திரையில்: பெட்டியின் ஸ்டிக்கரும், லேப்டாப் அடியில் உள்ள எண்ணும் அருகருகே.]

பில் போடும் முன் பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் லேப்டாப் அடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டால் வாரன்டி எந்தத் தேதியில் இருந்து ஓடுகிறது என்று தெரியும். கடை அலமாரியில் நான்கு மாதம் தூங்கிய பெட்டி என்றால் நான்கு மாதம் ஏற்கெனவே கழிந்திருக்கலாம். பில்லைக் காட்டித் தேதியை மாற்றச் சொல்லி அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.